இருக்கும்போதே பாராட்டக் கற்றுக்கொண்ட புலவர் ஐயாவுக்கு

காஞ்சிபுரத்தில் நம் மேல்நிலைப் பள்ளியின் தமிழாசிரியர் புலவர் திருஞானசம்பந்தம் அவர்கள் பணி ஓய்வு பெறும் இந்நன்னாளில், உடன் பணியாற்றியவர்களும் கணினி வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களுமாகிய நாங்கள் வாசித்து வழங்கும் மடல்

செந்தமிழ்ச் செல்வரே! சிவப்பு மையின் சக்கரவர்த்தியே! பிள்ளையார்பாளையம் பெற்றெடுத்த பிழை பொறுக்காப் பெருந்தகையே! வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் வகுப்புகள் வாய்மூட, வாத்தியார்களும் வாய்மூட, வலம்வந்த வல்லாளரே! அன்பும் அச்சமும் சரிபாதி கலந்த எங்கள் வணக்கம்.

அச்சத்தைச் சேர்த்துச் சொல்வதற்குப் பொறுத்தருள வேண்டும். இந்தப் பள்ளியில் ஓய்வு பெற்ற ஒவ்வொருவருக்கும் பாராட்டு மடல் எழுதியவர் நீங்கள். அந்த மடல்கள் கண்ணாடிச் சட்டம் போடப்பட்டு செவிலிமேடு முதல் சின்ன காஞ்சிபுரம் வரை பல வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. அவற்றில் தலைமையாசிரியர் ஒரு கருணைக் கடல், கணக்கு வாத்தியார் ஒரு கருணைக் கடல், வாயிற்காவலரும் ஒரு கருணைக் கடல். இப்படிப்பட்டவருக்கு மடல் எழுதுவது யார் என்று கேட்டபோது ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்து, எல்லாரும் தண்ணீர்ப் பானையைத் தேடிப் போய்விட்டார்கள்.

பழைய மடல் ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிடலாம் என்று உடற்கல்வி ஆசிரியர் ராஜவேலு யோசனை சொன்னார். நீங்கள் எழுதியதையே உங்களிடம் திருப்பி வாசித்தால் அதிலும் பிழை கண்டுபிடிப்பீர்கள் என்று தலைமையாசிரியை இந்திராணி அம்மா அதைத் தடுத்துவிட்டார். கடைசியில், ஆறு முதல் எட்டு வரை தமிழ் எடுக்கும் பூமாவாகிய என் தலையில் அந்தப் பொறுப்பு வந்து விழுந்தது. உங்களிடம் அதிகம் திட்டு வாங்கியவள் என்பதும், உங்களால் ஒருநாள் பெரிய ஆபத்தில் மாட்டி, உங்களாலேயே மீண்டவள் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். ஆகவே இதில் ஆசிரியர் குழு பேசும் இடங்களில் 'நாங்கள்' என்றும், என் வயிற்றெரிச்சல் பேசும் இடங்களில் 'நான்' என்றும் வரும். இலக்கண வழு என்று கொள்ளாதீர்கள்.

வழுவறியா வாத்தியாரே! மடல் எழுதுவதில் உங்கள் கை எவ்வளவு தாராளமோ, பணியில் இருப்பவரைப் பாராட்டுவதில் உங்கள் வாய் அவ்வளவு கஞ்சம். ஆண்டு விழாவில் நாடகம் போட்டு ஊரே கைதட்டினால், நீங்கள் திரைக்குப் பின்னால் வந்து மூன்றாம் காட்சியில் மன்னனின் மீசை ஒரு பக்கம் இறங்கியிருந்ததைச் சொல்லிவிட்டுப் போவீர்கள். மாநிலத் தேர்வில் நம் மாணவி மதிப்பெண் வாரி வந்தபோது, அவள் விட்ட ஒற்றை மதிப்பெண்ணைப் பற்றித்தான் கேட்டீர்கள். இந்தப் பள்ளியில் ஒருவர் தாம் நல்லவர் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஐம்பத்தெட்டு வயது வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது ஆசிரியர் அறையில் எல்லாரும் பேசிக்கொண்ட விஷயம்.

இந்த நிலையில்தான் சென்ற ஆண்டு இறுதியில் நம் பள்ளிக்குக் கணினிகள் வந்தன. காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கும் நம் தாளாளர் அவற்றை வாங்கித் தந்ததோடு நிற்காமல், ஆசிரியர்கள் அனைவரும் மாலை வகுப்பில் சேர்ந்து கற்றுத் தேற வேண்டும் என்றும் உத்தரவிட்டார். பேருந்து நிலையத்துக்கு அருகில் கணினி மையம் நடத்தும் அந்தோணி எங்களுக்கு ஆசானாக வந்தார். முதல் நாள் அவர் பெயர் வாசித்தபோது நாங்கள் எல்லாரும் கையை மட்டும் தூக்கினோம். நீங்கள் ஒருவர்தான் எழுந்து நின்று, கைகட்டி, "உள்ளேன் ஐயா" என்றீர்கள். உங்கள் மகன் வயதுடைய அந்தோணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அதன்பின் அந்த வகுப்பு முடியும் வரை அவர் உட்காரவே இல்லை.

இணையத்தில் ஆளுக்கொரு வலைப்பூ, அதாவது பிளாக், தொடங்கி, வாரம் ஒன்று எழுத வேண்டும் என்பது எங்களுக்கு விதிக்கப்பட்ட வேலை. இந்திராணி அம்மா தம் கொடைக்கானல் பயணத்தை எழுதினார். ராஜவேலு சார் கபடி பற்றி எழுதினார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகளை நான் எழுதினேன். நீங்கள் முன்னுரை எழுதத் தொடங்கினீர்கள், அது இன்னும் முடியவில்லை. எழுதியதைவிட முக்கியம், உடன் படிக்கும் ஒவ்வொருவரின் வலைப்பூவிலும் போய் அன்பாகவும் உதவியாகவும் ஒரு பின்னூட்டம் இடுவது என்றார் அந்தோணி. வாசித்தவர் கீழே எழுதும் கருத்துக்குப் பின்னூட்டம் என்று பெயர் என அவர் சொன்னதும், நல்ல தமிழ்ச் சொல் என்று நீங்கள் மகிழ்ந்தீர்கள். இதில் தேறாதவர் அடுத்த அணியோடு மறுபடி உட்கார வேண்டும் என்று அவர் சொன்னபோது, உங்களுக்கு அடுத்த அணியே இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் நினைவு வந்தது. சான்றிதழ் இல்லாமல் ஓய்வு பெறுவதா என்று நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விசைப்பலகையில் கை வைத்தீர்கள்.

செம்மை தவறாச் சிற்பியே! முதல் வாரம் நீங்கள் இட்ட பின்னூட்டங்களை நாங்கள் இன்றும் மறக்கவில்லை. கொடைக்கானல் கட்டுரையின் கீழே பிழை திருத்தப் பட்டியல் ஒன்று நீண்டு கிடந்தது. கடைசியில், ஏரியில் படகு விட்டதைச் சொல்லியிருக்கும் அம்மையார் ஏரியின் பெயரைச் சொல்லாதது ஏனோ என்று ஒரு கேள்வி. ராஜவேலு சாருக்கு 'வாக்கியம் முடியவில்லை' என்ற ஒரே வாக்கியம். எனக்கு ஒன்றுமே இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று நான் இரண்டு நாள் தூங்காமல் யோசித்தேன்.

அந்தோணி தயங்கித் தயங்கி உங்கள் பக்கத்தில் வந்து நின்றார். உதவியாக இருக்கிறது, ஆனால் அன்பாக இல்லையே என்று அவர் சொன்னதும் கணினி அறையே காதைத் தீட்டிக்கொண்டது. நீங்கள் கோபப்படவில்லை. ஒரு காரணம் சொன்னீர்கள்.

"எங்க வீட்ல தறியில இருக்கிற சேலைய யாரும் நல்லாக்கீதுன்னு சொல்லமாட்டாங்கபா. கண்ணு பட்டுடும், இழை அறுந்துடும்பாங்க எங்க அப்பா. குறை இருந்தா சொல்லலாம், நெய்யறவன் திருத்திப்பான். நல்லதெல்லாம் தறியிலருந்து சேலைய அறுத்து கீழ எறக்கின அப்புறம்தான். எனக்கு அப்படியே பழகிப்போச்சு."

அந்தோணி, "பிளாக்ல அறுத்து எறக்கறதுன்னே ஒண்ணு கிடையாதே சார். அது பாட்டுக்கு ஓடிக்கினே இருக்குமே," என்றார்.

நீங்கள் திரைப் பக்கம் திரும்பி, உங்கள் பிழை திருத்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தீர்கள். எங்களுக்கு அன்றுதான் விளங்கியது. இத்தனை ஆண்டுகளாக நீங்கள் எங்களைப் பாராட்டாமல் இருந்தது வெறுப்பினால் அல்ல, எங்கள் மேல் கண் பட்டுவிடக் கூடாது என்பதனால்தான். இதை முன்பே யாரிடமாவது சொல்லியிருந்தால் ஆசிரியர் அறையில் எத்தனையோ பேர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள். சொல்லாமல் விட்டதும் ஒரு குறைதான் என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

அடுத்து நடந்ததற்கு அந்தோணியைக் குறை சொல்ல முடியாது. அன்பாக எழுதுவது என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். ஆனால் அன்பாக எழுத உங்களுக்குத் தெரிந்த வடிவம் ஒன்றே ஒன்று, பிரிவுபசார மடல். ஆகவே நல்ல உடம்போடும் நீண்ட பணிக்காலத்தோடும் நடமாடிக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் அன்று மாலை நீங்கள் வரிசையாக விடைகொடுக்க ஆரம்பித்தீர்கள்.

முதலில் ராஜவேலு சார். 'ஓடிய கால்களே, ஊதிய விசிலே, ஆடுகளத்தின் அணிவிளக்கே' என்று தொடங்கியது. பின்னூட்டம் எழுதும் பெட்டி ஓர் அளவுக்கு மேல் எழுத்தை ஏற்காது என்பதால் முதல் பகுதியை அனுப்பிவிட்டு இரண்டாம் பகுதியைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்த நேரம் பார்த்து, வழக்கம்போல் மின்வெட்டு. 'மைதானத்து மண்ணெல்லாம் மனம் கலங்கி நிற்க, மாசற்ற ராஜவேலு எங்களை விட்டு' என்ற இடத்தில் உங்கள் பின்னூட்டம் உலகத்தின் பார்வைக்கு நின்றுவிட்டது. மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள்.

ராஜவேலு சாரின் வலைப்பூவுக்கு அப்போது இருந்த ஒரே நிரந்தர வாசகர் பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மைத்துனர். அவர் படித்தார். உடனே தென்னேரியில் இருக்கும் தம் தாயாருக்குத் தொலைபேசியில் அழுதுகொண்டே முழுவதையும் வாசித்துக் காட்டினார். ராஜவேலு சாரின் கைப்பேசியோ சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. அதற்கும் அதே மின்வெட்டுதான் காரணம். இரவுச் சாப்பாட்டு வேளைக்குள் ஓர் ஆட்டோ நிறைய உறவினர்கள், மடியில் ஒரு பெரிய ரோஜா மாலையோடு, தென்னேரியிலிருந்து வந்து அவர் தெருமுனையில் இறங்கினார்கள். மாமியார் வடிவாம்பாள் அம்மாள் இறங்கியதும் குரலெடுத்தார். அந்தக் குரலைக் கேட்டு யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி, கையில் போண்டாப் பொட்டலத்தோடு ஓடி வந்தவர் ராஜவேலு சார்.

அந்த அம்மாள் அவரைத் தொட்டுப் பார்த்து, கிள்ளிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை ராஜவேலு சார் மறுநாள் ஆசிரியர் அறையில் வந்து சொன்னார். "நீங்க இவ்ளோ நல்லவர்னு எங்களுக்குத் தெரியாமயே போச்சே மாப்ள." அதற்குப்பின் தென்னேரிக்குப் போகும்போதெல்லாம் அவருக்கு இலையில் முதல் பரிமாறல் நடக்கிறதாம். ஆகவே அவருக்கு உங்கள் மேல் வருத்தம் இல்லை. மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் ஆட்டோக்காரரிடமே கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் நாள் முழுவதும் ராஜவேலு சாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இனி எழுதும் எதிலும் இறப்பின் சாயலே வரக்கூடாது என்று உறுதி எடுத்தீர்கள். அந்த உறுதியோடு அடுத்ததாக என் வலைப்பூவுக்கு வந்தீர்கள்.

இனி ஒரு சில பத்திகள் 'நான்' என்று எழுதுவதற்கு ஆசிரியர் குழு எனக்கு அனுமதி தந்திருக்கிறது.

ஐயா, நான் நான்கு ஆண்டுகளாக இந்தப் பள்ளியில் தற்காலிகம். பள்ளி நிர்வாகம் தரும் சம்பளத்தில், ஒவ்வொரு ஜூனிலும் இந்த ஆண்டு உண்டா இல்லையா என்று தலைமையாசிரியை அறை வாசலில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் தற்காலிகம். நீங்கள் ஓய்வு பெற்றால் காலியாகும் அரசு அனுமதி பெற்ற இடம் எனக்கு வரும் என்ற ஒரே நம்பிக்கையில், வேறு பள்ளிகளிலிருந்து வந்த அழைப்புகளை நான் விட்டுவிட்டேன். வீட்டிலும் இதைச் சொல்லித்தான் என் கல்யாணப் பேச்சைத் தள்ளி வைத்திருந்தேன். நம் இருவருக்கும் இது தெரியும். தெரிந்தும் நீங்கள் என்னோடு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. என் வகுப்பு வாசலில் உங்கள் செருப்புச் சத்தம் வந்து நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் போகும். குறை எழுதிக்கொள்ளத்தான் வந்து நிற்கிறீர்கள் என்று எனக்குள் ஓர் எண்ணம்.

அந்த நிலையில் என் வலைப்பூவில் இப்படி எழுதினீர்கள். 'பூவெனச் சிரித்து, பிள்ளைகளை அணைத்து, புகழொடு பணிசெய்த பூமா அம்மையே! எங்கு சென்றாலும் ஏற்றமுறுக! புகும் புதிய இடத்திலும் பொலிவோடு நீடு வாழ்க!' உயிரோடு இருப்பதை ஒருவரும் சந்தேகிக்க முடியாதபடி, மிகக் கவனமாக எழுதியிருந்தீர்கள். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அம்மா படித்துவிட்டு, நீ எங்கேடி போகப் போறே என்று கேட்டாள். அதை நான் சிரித்து மறந்துவிட்டேன்.

தாளாளர் மறக்கவில்லை. தாம் வாங்கித் தந்த கணினிகளில் வாத்தியார்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர் ஒருநாள் கடையில் உட்கார்ந்து எல்லா வலைப்பூக்களையும் படித்திருக்கிறார். மூத்த தமிழாசிரியரே வழியனுப்பு மடல் எழுதியிருக்கிறார் என்றால் இந்தப் பெண் வேறு பள்ளிக்குப் போவது உறுதி என்று முடிவு செய்துவிட்டார். அவருடைய உறவினர் ஒருவரின் மருமகள் தமிழ் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தார். அந்த அம்மையாரை வரச் சொல்லிவிட்டார். இந்திராணி அம்மாவைக் கூப்பிட்டு, பூமாவுக்கு ஒரு சின்ன விருந்தும் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழும் ஏற்பாடு செய்யச் சொன்னபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

அன்று எனக்கு வந்த கோபத்தை இந்த மேடையில் வைத்தே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நான் நினைத்தேன். என்னை வெளியே அனுப்ப ஒரு நல்ல தமிழ் வாக்கியம் போதும் என்று கணக்குப் போட்டு எழுதினீர்கள் என்று நினைத்தேன். ஆசிரியர் அறையில், எல்லார் முன்னாலும், உங்கள் மேசைக்கு எதிரில் வந்து நின்று கேட்டேன். "எனக்கு நீங்க என்ன உதவி பண்ணேள்னு இப்பச் சொல்லுங்கோ ஐயா. என் வேலையே போயிடுத்து." சொல்லி முடிப்பதற்குள் அழுதும் விட்டேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் டப்பாவைத் திறக்கவில்லை.

உங்கள் முகம் அன்று எப்படி ஆயிற்று என்பதை அங்கே இருந்த எல்லாரும் பார்த்தோம். குடையை எடுத்துக்கொண்டு, "கெளம்புமா" என்றீர்கள். தலைமையாசிரியை இந்திராணி அம்மா அனுமதிச் சீட்டு எதுவும் கேட்காமல் தாமும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். காந்தி ரோடு வரை மூவரும் நடந்தே போனோம்.

முகூர்த்த நாளுக்கு முந்தின வாரம் அது. கடை முழுக்கக் கல்யாண வீட்டார் கூட்டம். விரித்த வெள்ளைத் துணியின் மேல் அரக்கும் மாம்பழ மஞ்சளுமாகச் சேலைகள் கிடந்தன. தாளாளர் உங்களைப் பார்த்ததும் எழுந்து, காப்பி சொல்லி, உட்கார வைத்தார். நீங்கள் உட்காராமல் நின்றபடியே, பட்டின் பெருமையையும் பாரியின் கொடையையும் ஒருசேர விளங்கவைக்கும் பண்பாளரே என்று தொடங்கினீர்கள். இப்படியே போனால் தாளாளருக்கும் நீங்கள் விடைகொடுத்துவிடுவீர்கள் என்று இந்திராணி அம்மா என் காதில் முணுமுணுத்தார். தாளாளர் கைகூப்பி, கடையில் கூட்டமாக இருக்கிறது, விஷயத்தைச் சொல்லுங்கள் ஐயா என்றார்.

நீங்கள் நிறுத்தினீர்கள். பிறகு நீங்கள் பேசியதை, உங்கள் வாயிலிருந்து வந்தபடியே, ஒரு சொல் மாற்றாமல் இந்த மடலில் சேர்க்கிறேன்.

"இந்தப் பொண்ணு எங்கியும் போகல சார். நான் எழுதனது தப்பு. இருக்கிறவங்களப் பாராட்ட எனக்குத் தெரியாது, அதான் போறவங்களுக்கு எழுதற மாதிரி எழுதிட்டேன். இது ஏழாவதுல பாடம் நடத்தறப்போ நான் தெனம் வராந்தாவுல நின்னு கேட்டுக்கினு இருப்பேன். பசங்க அவ்ளோ கேள்வி கேக்குறாங்க. என் வகுப்புல இத்தினி வருஷத்துல ஒருத்தன் எழுந்து ஒரு கேள்வி கேட்டதில்ல. எனக்கு வராதது இதுக்கு வருது. என் எடத்த வேற யாருக்காவது குடுத்தீங்கன்னா, எனக்கு வீட்ல ஒக்கார மனசு வராது சார்."

சேலை பார்த்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண்ணின் அத்தை கூட விலை கேட்பதை நிறுத்திவிட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என் முகத்துக்கு நேரே, நான் அங்கே நிற்கும்போதே, என்னைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைச் சொன்னது நீங்கள். செருப்புச் சத்தம் வாசலில் நின்றது இதற்காகத்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

தாளாளர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "இத அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியிலயே எழுதியிருக்கலாமே ஐயா," என்றார்.

"எழுதலாம்னுதான் பார்த்தேன் சார். அவ்ளோ பெரிய பொட்டிக்கு இது ரொம்பச் சின்னதா இருக்குதேன்னு விட்டுட்டேன்," என்றீர்கள்.

அன்றே அவர் முடிவு சொல்லவில்லை. உறவினருக்கு வாக்குக் கொடுத்தவர் அல்லவா? ஆனால் அடுத்த திங்கட்கிழமை முன்னறிவிப்பு இல்லாமல் பள்ளிக்கு வந்து, நீங்கள் வழக்கமாக நிற்கும் அதே வராந்தாவில் நின்றார். உள்ளே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைக் கேள்வியால் துளைத்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகன் காட்டுக்குப் போனபோது வீட்டுக் கதவை யார் பூட்டினார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, எல்லாரும் சேர்ந்து யோசித்தோம். முழுப் பாடவேளையும் நின்று கேட்ட தாளாளர், வேலையை எனக்கே தருவதாக இந்திராணி அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார். அந்த உறவினர் வீட்டில் அவருக்கு இப்போது காப்பி கொடுப்பதில்லை என்று கேள்வி.

என் பத்திகள் முடிந்தன. இனி மீண்டும் 'நாங்கள்'.

தேறிய தோழரே! தாளாளர் வந்துபோன அந்தத் திங்கட்கிழமை மாலையே நீங்கள் கணினி அறைக்கு வந்து, பூமாவின் வலைப்பூவில் இருந்த பழைய பின்னூட்டத்தை அந்தோணியைக் கொண்டு அழித்துவிட்டு, வேறொன்று இட்டீர்கள். 'நன்றாக இருக்கிறது. இரண்டாம் பத்தியை முதலில் வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.' அவ்வளவுதான். அந்தோணி அதை வகுப்புக்கே உரக்க வாசித்துக் காட்டி, அன்பும் இருக்கிறது, உதவியும் இருக்கிறது, சார் பாஸ் என்றார். நாங்கள் மேசையைத் தட்டிய தட்டில் வெளிவாசலில் இருந்த வாயிற்காவலர் ஓடி வந்துவிட்டார். பூமா இரண்டாம் பத்தியை முதலில் வைத்தார். இன்னும் நன்றாகத்தான் இருந்தது.

அதன்பின் உங்களை நாங்கள் சும்மா விட்டோமா? எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று பிரசாதத்துக்கு நிற்பதுபோல் வரிசையில் நின்றோம். செவிலிமேடு டவுன் பஸ் போய்விடும் என்று தினமும் பாதி வகுப்பில் எழுந்து ஓடும் இந்திராணி அம்மா, அன்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். 'ஏரியில் மழை வந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். ஏரியின் பெயரையும் சேருங்கள்' என்பது அவருக்குக் கிடைத்தது. 'தாங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. பிடி போடும் முறைக்கு ஒரு படம் வரைந்தால் எளிதில் விளங்கும்' என்பது ராஜவேலு சாருக்கு. படம் வரையத் தெரியாத அவர், இரண்டு மாணவர்களை நிற்க வைத்துப் புகைப்படமே எடுத்துப் போட்டுவிட்டார். அவருக்கு இப்போது வாசகர்கள் கூடியிருக்கிறார்கள், மைத்துனர் மட்டும் அல்ல.

கண்படும் என்று நீங்கள் அஞ்சினீர்களே ஐயா, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ராஜவேலு சாருக்குக் கணுக்கால் சுளுக்கியது, ஆனால் அது அவராகவே சுவர் ஏறிக் குதித்ததனால். அது போக, ஆசிரியர் அறையில் நாங்களும் ஒருவரை ஒருவர் கொஞ்சம் பாராட்டத் தொடங்கியிருக்கிறோம். முதலில் கூச்சமாக இருந்தது. உப்புமா நன்றாக இருந்தது என்று சொன்னால், ஏன், என்ன வேண்டும் என்று சந்தேகத்தோடு கேட்டார்கள். இப்போது பழகிவிட்டது.

உங்களைக் கருணைக் கடல் என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தப் பட்டத்தை நீங்கள் ஏற்கெனவே பலருக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டீர்கள். எங்களுக்குத் தெரிந்த உண்மைகளை மட்டும் சொல்கிறோம். நீங்கள் ஒருநாளும் வகுப்புக்குத் தாமதமாக வந்ததில்லை. உங்களிடம் தமிழ் படித்தவர்கள் இந்த ஊரின் எந்தக் கடையிலும் பிழையான விளம்பரப் பலகையைப் பார்த்தால் உள்ளே போய்ச் சொல்லாமல் வருவதில்லை. தப்பு என்று தெரிந்தால், எழுதியவர் நீங்களே ஆனாலும், ஊர் பார்க்க அதைத் திருத்துவீர்கள். இந்தக் கடைசிக் குணம் எங்களில் யாருக்கும் இல்லை, கற்றுக்கொள்ள முயல்கிறோம்.

துணைவியாரோடும் மக்களோடும் பேரப்பிள்ளைகளோடும் நோயின்றி, மின்வெட்டின்றி, நெடுங்காலம் நீங்கள் இனிதே இருக்க வேண்டும். கண்ணாடியின் பவர் ஏறாமல், கைவிரல் நடுங்காமல், விட்ட முன்னுரையை என்றாவது ஒருநாள் முடித்து நூலுக்குள் நுழைய வேண்டும். காலையில் எழுந்ததும் பிழை தேட ஒரு செய்தித்தாளும், கண்டுபிடித்ததைச் சொல்ல ஓர் ஆளும் உங்களுக்கு என்றும் கிடைக்க வேண்டும். வரதர் கோவிலிலும் ஏகாம்பரர் கோவிலிலும் தனித்தனியாக உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்திருக்கிறோம், எந்தப் பக்கமும் குறை சொல்ல வேண்டாம் என்பதற்காக.

ஐயா, கடைசியாக ஒரே ஒரு 'நான்'. என் நியமன ஆணை நேற்று கையில் கிடைத்தது. நான்கு ஆண்டுகளாக வருகைப் பதிவிலும் விடைத்தாள் கட்டிலும் என் பெயருக்குக் கீழே 'தற்காலிகம்' என்ற சொல்லைச் சேர்த்தே எழுதி வந்தேன். இனி அதை எழுத வேண்டியதில்லை. நேற்றே கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் இரண்டு இருந்தன. போடவில்லை. அந்தச் சொல் இல்லாமல் நான் போடும் முதல் கையெழுத்து, நீங்கள் வீட்டில் மாட்டப்போகும் இந்த மடலில்தான் இருக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஆசிரியர்கள், அலுவலர்கள், கணினி வகுப்புத் தோழர்கள் அனைவர் சார்பிலும்,

பூமா
தமிழாசிரியை

காஞ்சிபுரம்
30.4.2008